‘உங்களுக்கென்ன, குழந்தையா குட்டியா?’: மார்ச் மாத ரோஸ்டருக்கு நான்கு வழிகள்

பிப்ரவரி கடைசி வாரத்தில் எங்கள் அலுவலகத்தில் ஒரு எக்செல் ஷீட் சுற்றுக்கு வரும். மார்ச் மாத ரோஸ்டர், யாருக்கு எந்த நாள் எந்த ஷிஃப்ட் என்ற பட்டியல். அதைத் திறக்கும்போதே எனக்கு வயிற்றைக் கலக்கும். நாங்கள் கோயம்புத்தூரில் உட்கார்ந்துகொண்டு பிரிட்டன் கம்பெனிகளுக்குச் சம்பளக் கணக்குப் போடுகிறவர்கள். அவர்களுடைய வரி ஆண்டு ஏப்ரல் 5-ஆம் தேதி முடிகிறது. ஆகவே மார்ச் என்றால் எங்களுக்கு இயர் எண்ட், தலைக்கு மேல் வேலை. நம் ஊர்ப் பிள்ளைகளுக்கோ மார்ச் என்றால் பிளஸ் டூ, பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு. பன்னிரண்டு பேர் டீமில் ஏழு பேருக்குப் பள்ளி வயதில் பிள்ளைகள். ஏழு பேரும் லீவு கேட்பார்கள், இல்லாவிட்டால் பகல் ஷிஃப்ட், அதுவும் இல்லாவிட்டால் ஒர்க் ஃப்ரம் ஹோம். மீதி ஐந்து பேர்?

“நீங்க இருங்களேன். உங்களுக்கென்ன, குழந்தையா குட்டியா?”

இதைச் சொன்ன டீம் லீட் நான்தான். சொல்லும்போது தப்பாகவே படவில்லை. அதைக் கேட்ட பெண்ணுக்கு இருபத்தாறு வயது, ஊர் தூத்துக்குடிப் பக்கம், இங்கே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். “சரிங்க மேம்” என்று போய்விட்டாள். ஏப்ரலில் அதே ரோஸ்டரை பிரிண்ட் எடுத்து, தன் பெயர் வரும் கட்டங்களுக்கு மட்டும் மஞ்சள் அடித்து என் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். கடைசி ஷிஃப்ட் வரிசையில் நான்கு வெள்ளிக்கிழமையும் மஞ்சள். “குறை சொல்லலைங்க மேம். எண்ணிப் பாருங்க, அவ்வளவுதான்” என்றாள். எண்ணிப் பார்த்தேன். ஐந்து பேர் பெயர்தான் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது.

அடுத்த வருடத்துக்கு ஒரு முறை வகுத்துக் கொடு என்று மேனேஜர் சொன்னபோது, இருக்கிற வழிகளையெல்லாம் வரிசையாக எழுதிப் பார்த்தேன். படிப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: எனக்கும் இரண்டு பிள்ளைகள். எட்டு வருடம் இந்தச் சலுகையை நன்றாகவே அனுபவித்தவள். என் தராசு கொஞ்சம் சாய்ந்துதான் இருக்கும்.

இன்னொன்று, பேறுகால விடுப்பு இந்தப் பேச்சில் வராது. 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்பது சட்டம். அதில் பேரம் இல்லை. நான் சொல்வது அதற்குப் பிறகு பதினைந்து, பதினாறு வருடம் ஓடுகிற சங்கதி: ஷிஃப்ட், பர்மிஷன், பண்டிகை லீவு, வீட்டிலிருந்து வேலை.

முதல் வழி: பிள்ளை பெற்றவர்களுக்கு முன்னுரிமை

பெரும்பாலான அலுவலகங்களில் எழுதாமலே நடக்கிற முறை இது. இதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். குழந்தைக்குக் காய்ச்சல் முன்கூட்டி மெயில் போட்டுவிட்டு வருவதில்லை. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும் என்பதும் அதே 2017 திருத்தம் கொண்டுவந்த விதிதான். எங்களைப் போன்ற சின்ன ஆபீஸ்களுக்கு அது பொருந்தாது. பாட்டி ஊரில், கணவருக்கு வேறு ஷிஃப்ட் என்றால் அந்த அம்மா என்னதான் செய்வாள்? வேலையை விடுவாள். விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதை எழுத்திலேயே வைத்திருப்பது மத்திய அரசு. 2008-இல் ஆறாவது ஊதியக் குழுவை ஒட்டி வந்த குழந்தைப் பராமரிப்பு விடுப்பு: பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்து 730 நாள், 18 வயதுக்குட்பட்ட முதல் இரண்டு குழந்தைகளுக்காக. முதலில் பெண்களுக்கு மட்டும் இருந்தது. பிறகு மனைவி துணையில்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் கிடைத்தது. எதற்கெல்லாம் எடுக்கலாம் என்று சொல்லும் இடத்தில் அந்த ஆணை உடல்நலக் குறைவோடு தேர்வையும் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. பிள்ளையின் பரீட்சை அம்மாவின் பரீட்சையும்தான் என்று டெல்லியில் கோப்பு எழுதியவருக்கும் தெரிந்திருக்கிறது. கூடவே, இதை உரிமையாகக் கேட்க முடியாது, அதிகாரி அனுமதித்தால்தான் என்றும் ஒரு வரி உண்டு.

நூறு பேர் இருக்கும் அலுவலகத்தில் ஒருவர் இரண்டு மாதம் போனால் வேலை பரவிவிடும். பன்னிரண்டு பேர் இருக்கும் இடத்தில் அது நேராகப் பக்கத்து மேசைக்குப் போகிறது. பக்கத்து மேசையில் யார் என்று சொல்லத் தேவையில்லை.

‘பெற்றோர்’ என்ற சொல்லும் ரொம்ப அகலம். நான்கு வயதுக் குழந்தையைத் தனியாக வளர்ப்பவளும் பெற்றோர்தான். வீட்டில் மனைவி, மாமியார், ட்யூஷன் மிஸ் என்று மூன்று பேர் பார்த்துக்கொள்ளும் பிளஸ் டூ பையனின் அப்பாவும் பெற்றோர்தான். “பையனுக்கு எக்ஸாம்ங்க” என்று இருவரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். இதில் அப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். பரீட்சை எழுதுவது பையன், கண் விழிப்பது அம்மா, பகல் ஷிஃப்ட் மட்டும் அப்பாவுக்கு.

சலுகை வாங்கும் பெண்களுக்கும் இது முழு லாபம் இல்லை. ‘அவங்க ஆறு மணிக்குக் கிளம்பிடுவாங்க’ என்ற ஒரு வரி அப்ரைசல் வரை கூட வரும். தயவாகக் கிடைப்பதற்கு ரசீது இருக்காது, ஆனால் கடன் கணக்கு இருக்கும்.

சரி, மறுபக்கம். ‘கல்யாணமாகாத பிள்ளைகளுக்கு என்ன பிரச்சினை’ என்றுதான் நானும் நினைத்திருந்தேன். எங்கள் கடைசி ஷிஃப்ட் மதியம் இரண்டரைக்குத் தொடங்கி இரவு பதினொன்று வரை. மார்ச் கடைசி ஞாயிறு பிரிட்டனில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவைத்த பிறகு ஒன்றரையிலிருந்து பத்து. அந்தப் பெண்ணின் ஹாஸ்டல் கேட் ஒன்பதரைக்குப் பூட்டப்படும். அதற்குமேல் என்றால் ஆபீஸ் லெட்டர், கேப் நம்பர், வார்டனுக்கு ஒரு போன். மெஸ் ஒன்பது மணிக்கே முடிந்துவிடும். எடுத்துவைத்த டப்பாவில் ஆறிய சப்பாத்தியும், தண்ணீர் பிரிந்த குருமாவும். துணி துவைக்க ஞாயிற்றுக்கிழமை ஒன்றுதான், அன்று பைப்படியில் வரிசை. இவளுக்காக வீட்டில் சமைத்துவைத்துக் காத்திருக்க ஆளில்லை. இதையெல்லாம் நாங்கள் சுருக்கமாக ‘ஃப்ரீ’ என்று சொல்லிக்கொண்டிருந்தோம்.

இரண்டாவது வழி: எல்லோருக்கும் ஒரே அளவு, காரணம் கேட்காமல்

இதற்கு நல்ல உதாரணம் எங்கள் கிளையண்டுகளின் நாடுதான். பிரிட்டனில் 2003 ஏப்ரலில், வேலை நேரத்தை மாற்றித் தரும்படி முதலாளியிடம் முறையாகக் கேட்கும் உரிமை வந்தபோது, அது ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் பெற்றோருக்கும் மாற்றுத்திறன் உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கும் மட்டுமே. 2007-இல் பெரியவர்களைப் பராமரிப்பவர்களையும் சேர்த்தார்கள். 2009-இல் குழந்தையின் வயது வரம்பு 17-க்குக் கீழே என்று உயர்ந்தது. 2014 ஜூன் 30 முதல், 26 வாரம் வேலை பார்த்த எவரும் கேட்கலாம். பிள்ளை இருக்கிறதா என்ற கேள்வியே போய்விட்டது. 2024 ஏப்ரல் 6 முதல் அந்த 26 வாரமும் வேண்டாம், சேர்ந்த முதல் நாளிலேயே கேட்கலாம். முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

பெற்றோரில் ஆரம்பித்து எல்லோரிடமும் வந்து சேர அவர்களுக்குப் பதினோரு வருடம் ஆகியிருக்கிறது. சிங்கப்பூர் 2024 டிசம்பரில் கொண்டுவந்த வழிகாட்டுதல் நேராகவே தகுதிகாண் காலம் முடித்த எல்லோரிடமும் போய்விட்டது. ஆனால் இரண்டு இடத்திலும் இது கேட்கும் உரிமை, கிடைக்கும் உரிமை அல்ல. தொழில் காரணம் காட்டி முதலாளி மறுக்கலாம்.

எங்கள் அளவுக்குச் சுருக்கினால் இப்படி வரும்: ஆளுக்கு மாதத்தில் இத்தனை நாள் ஷிஃப்ட் தேர்வு, இத்தனை பர்மிஷன், வாரத்தில் இத்தனை நாள் வீட்டிலிருந்து வேலை. எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. பையனுக்கு கெமிஸ்ட்ரி பரீட்சையோ, தோழிக்கு நிச்சயதார்த்தமோ, சும்மா படுத்துத் தூங்கவோ, அவரவர் பாடு. எனக்கு இதில் பிடித்தது, டீம் லீட் நீதிபதி வேலையிலிருந்து தப்பித்துவிடலாம். யார் கஷ்டம் பெரியது என்று எடை போடுவது போல அசிங்கமான வேலை வேறில்லை.

குறையும் கண்ணுக்குத் தெரிகிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் கணக்கு ஏற்கெனவே எல்லோருக்கும் ஒன்றுதான்: வருடத்துக்குத் தற்செயல் விடுப்பு 12, நோய் விடுப்பு 12, ஈட்டிய விடுப்பு 12. சின்னக் குழந்தை உள்ள வீட்டில் என்ன நடக்கிறது? குழந்தையின் காய்ச்சலுக்கு அம்மாவின் நோய் விடுப்பு கரைகிறது. அப்புறம் அவளுக்கே காய்ச்சல் வரும்போது பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்து, ஏசிக்குத் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆளுக்கு மூன்று இட்லி என்று வைப்பது பந்திக்குச் சரி. பசி ஆளுக்கு ஆள் மாறும்.

மூன்றாவது வழி: யாரைப் பார்த்துக்கொள்கிறோம் என்பதை வைத்து

குழந்தை என்று பார்க்காமல் ‘நம்மை நம்பி வீட்டில் யார் இருக்கிறார்’ என்று பார்ப்பது. கேட்டதும் இதுதான் சரி என்று தோன்றியது. எங்கள் டீமில் கல்யாணமாகாத ஒருவருக்கு முப்பத்தெட்டு வயது. ரோஸ்டரைப் பொறுத்தவரை ‘சிங்கிள்’. அவருடைய அம்மாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். காலை ஆறு மணி ஸ்லாட்டுக்குக் கூட்டிப்போய், முடியும்வரை வெளியே பெஞ்சில் காத்திருந்து, வீட்டில் விட்டுவிட்டு, மதியம் ஷிஃப்டுக்கு வந்து, இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்திருப்பார். தாயைப் பார்ப்பது கடமை என்று ஊரே சொல்கிறது. ஆனால் லீவுப் படிவத்தில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது. பிரிட்டன் சட்டத்தில் உண்டு: தன்னைச் சார்ந்தவருக்கு அவசரம் என்றால் சம்பளமில்லாமல் நியாயமான அளவு நேரம் எடுக்கலாம். சார்ந்தவர் என்றால் பிள்ளை, துணைவர், பெற்றோர், ஒரே வீட்டில் வாழ்பவர் எல்லோரும்.

ஆனால் இந்த வழியில் காரணத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கே இடிக்கும் என்று எனக்குப் புரிந்தது வேறொருத்தியால்.

எங்கள் டீமில் கல்யாணமாகி ஆறு வருடம் ஆன ஒரு பெண் இருக்கிறாள். மாதத்தில் சில நாள், முதல் நாள் மாலை வரை சொல்லாமல், “நாளைக்குக் காலைல பர்மிஷன் வேணும் மேம்” என்பாள். காரணம் என்ற இடத்தில் ‘தனிப்பட்ட வேலை’. எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வரும். பிள்ளை இல்லாதவள்தானே என்று கடைசி ஷிஃப்டில் போட்டுவிடுவேன். ரொம்ப நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவள் போனது கருத்தரிப்பு சிகிச்சைக்கு. அடுத்த ஸ்கேன் எந்தக் காலையில் என்று டாக்டருக்கே முந்தின நாள் ஸ்கேன் பார்த்த பிறகுதான் தெரியும். ‘விசேஷம் ஏதாவது உண்டா’ என்று கேன்டீன் வரிசையில்கூடக் கேட்கிற ஊர் இது. இங்கே அவள் அதை எக்செல் ஷீட்டில் எழுத முடியுமா?

நான் அந்த ‘குழந்தையா குட்டியா’ வசனத்தைச் சொன்ன அன்று அவள் இரண்டு மேசை தள்ளி உட்கார்ந்திருந்தாள்.

ஆகவே மூன்றாவது வழியின் நோக்கம் சரி, விசாரணை சரியில்லை. யாருடைய காரணம் சத்தமாகச் சொல்லத்தக்கதோ அவர்களுக்கே அது உதவும்.

நான்காவது வழி: புள்ளி முறை

ஆளுக்கு நூறு புள்ளி. தீபாவளி லீவுக்கு 40, சாதாரண வெள்ளிக்கு 10 என்று விலை வைத்து ஏலம் விடுவது. ஒரு வாரம் விளையாட்டாகச் செய்து பார்த்தோம். கணக்கில் கெட்டிக்காரர்கள் ஜெயித்தார்கள், வேறு யாருக்கும் பிடிக்கவில்லை. விட்டுவிட்டோம்.

இதற்கெல்லாம் அடியில் இருக்கும் கேள்வி

நான்கையும் எழுதிவைத்துப் பார்த்தபோது ஒன்று உறைத்தது. எல்லா வழியும் ‘யார் போகலாம்’ என்றே பேசுகிறது. அந்தத் தூத்துக்குடிப் பெண் மஞ்சள் அடித்தது போனவர்கள் பெயருக்கு அல்ல. இருந்தவள் பெயருக்கு.

2020-இல் ஃபேஸ்புக் கம்பெனி ஊழியர்களுக்குள் நடந்த சண்டையும் இதே கதைதான். பள்ளிகள் மூடியிருந்ததால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டியவர்களுக்கு 10 வாரம் வரை சம்பளத்தோடு விடுப்பு கொடுத்தார்கள். முதியவர்களைப் பராமரிப்பவர்களுக்கும் அது உண்டு. அந்த அரையாண்டுக்கு எல்லா ஊழியருக்கும் ஒரே நல்ல மதிப்பீடு என்றும் அறிவித்தார்கள். பிள்ளை இல்லாதவர்கள் முணுமுணுத்தார்கள், பெற்றோர்கள் கொதித்தார்கள். ஒருவர் லீவில் போனதைவிட, அவர் வேலையையும் சேர்த்துச் செய்தவருக்குத் தனிக் கணக்கே இல்லை என்பதுதான் அதில் உறுத்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

இதற்கான விடை நம் சட்டத்திலேயே கிடக்கிறது. தமிழ்நாட்டில் தேசிய, பண்டிகை விடுமுறைகளுக்கு 1958-ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று உண்டு. வருடத்துக்கு 4 தேசிய விடுமுறை, 5 பண்டிகை விடுமுறை. அந்த நாளில் ஒருவரை வேலைக்குக் கூப்பிட்டால் இரட்டைச் சம்பளம், இல்லாவிட்டால் அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் சம்பள விடுமுறை. எது வேண்டும் என்பது வேலை செய்தவர் விருப்பம். அவருக்குக் கல்யாணமா, பிள்ளை எத்தனை என்று சட்டம் கேட்பதில்லை. வந்தாயா, இந்தா கூலி. இதையே கடைசி ஷிஃப்டுக்கும் நீட்டினால் என்ன?

நான் எழுதிக்கொடுத்தது

திட்டமிட்ட தேவைகளுக்கு இரண்டாவது வழி. ஷிஃப்ட் தேர்வு, வீட்டிலிருந்து வேலை எல்லாம் ஆளுக்குச் சம அளவு, காரணம் எழுதும் கட்டத்தையே படிவத்திலிருந்து எடுத்துவிட்டோம். பொதுத்தேர்வு தேதி முன்கூட்டியே தெரியும். அது அவசரம் அல்ல, அவரவர் பங்கிலிருந்துதான்.

அவசரத்துக்கு மூன்றாவது வழியிலிருந்து பாதி. வருடத்துக்கு ஆளுக்கு ஆறு அரைநாள் தனியாக. குழந்தை, பெற்றோர், துணைவர், தன் சொந்தச் சிகிச்சை எதுவானாலும் ‘அவசரம்’ என்று ஒரு டிக் போதும். சான்று கேட்பதில்லை. பொய் சொல்லி எடுத்தால்? எடுக்கட்டும். ஆறு அரைநாளில் கம்பெனி மூழ்காது. டயாலிசிஸ் போல வாரா வாரம் வருவதற்கு ஆறு போதாது என்று எனக்குத் தெரியும். அவரோடு தனியாகப் பேசி, அந்த இரண்டு நாளும் ஷிஃப்டையே நிரந்தரமாக மாற்றினோம்.

பங்குக்கு மேல் பார்க்கும் ஒவ்வொரு கடைசி ஷிஃப்டுக்கும் அரைநாள் கம்ப்-ஆஃப் (ஈடு விடுப்பு) அல்லது அலவன்ஸ். அது அப்ரைசல் தாளிலும் ஏறும். இதற்குத்தான் மேனேஜர் முகம் சுளித்தார். “பணம் யார் தர்றது?” நான் சொன்னது: இந்த வேலையில் புது ஆள் ஒருவர் தேற ஒரு முழு வரி ஆண்டைப் பார்த்தாக வேண்டும். கசப்பில் ஒருத்தி பேப்பர் போட்டால் ஆகும் செலவை எழுதிப் பாருங்கள். எழுதிப் பார்த்தார், பேசாமல் கையெழுத்துப் போட்டார். அலவன்ஸ் என்றதும் கடைசி ஷிஃப்டை விரும்பிக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருவர் இரண்டு பிள்ளைகளின் அப்பா.

பண்டிகைக்கு மட்டும் தனி விதி. ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்தான் திறக்கிறது. ஆகவே பொங்கல், தீபாவளி ரோஸ்டர் 75 நாளுக்கு முன் ஒட்டப்படும். சொந்த ஊர் வெளியே உள்ளவர்களுக்கு லீவு கிடைத்தும் டிக்கெட் கிடைக்காமல் போனால் அது லீவே இல்லை. போன வருடம் தீபாவளிக்குப் போனவர் இந்த வருடம் வரிசையின் கடைசியில். தலைதீபாவளிக்கு மட்டும் விலக்கு. அதற்கு ஒருவர்கூட எதிர்ப்புச் சொல்லவில்லை.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. பத்து இளைஞர்களுக்கு நடுவே ஒரே ஒரு அம்மா என்றால் முதல் வழியே போதும், பாரம் பரவலாக விழும். 50 பேரைத் தாண்டிய நிறுவனம் முதலில் காப்பகத்தைத் திறக்கட்டும், ரோஸ்டர் சண்டையில் பாதி அதோடு அடங்கும். நர்ஸுகள் போல இருபத்துநான்கு மணி நேரமும் ஆள் வேண்டிய இடத்தில் காரணம் கேட்காத முறை மட்டும் தாங்காது. கூடுதல் ஆள் இல்லாமல் எந்த முறையும் தாங்காது.

புது முறையை விளக்கிய பிறகு அந்தத் தூத்துக்குடிப் பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டு, கம்ப்-ஆஃப் வேண்டுமா, அலவன்ஸ் வேண்டுமா என்று கேட்டேன். மன்னிப்பும் கேட்டேன், கொஞ்சம் தடுமாறித்தான். அவள் சிரித்தாள்.

“அலவன்ஸே போடுங்க மேம். ஆனா வெள்ளிக்கிழமை மட்டும் லேட் ஷிஃப்ட் வேண்டாம். மெஸ்ஸுல அன்னைக்குத்தான் பரோட்டா.”